உச்சிப்பாடிக்குத் தனிப் பொழுது

தங்கை ஞானப்பூ சொன்னதைச் சூசைராஜ் பல வருஷம் நம்பவில்லை. நம்பவில்லை என்று அவளிடம் நேராகச் சொன்னதும் இல்லை. அவள் சொல்லும்போது தலையை ஆட்டுவார், நடுவில் எழுந்துபோய்த் தண்ணீர் குடிப்பார், வெளியே யாரோ கூப்பிட்டதுபோல ஜன்னலைப் பார்ப்பார். சமவெளியில் ஒரு அரசுப் பள்ளியில் இயற்பியல் நடத்துகிறவர் அவர். உயரத்தில் இருக்கும் கடிகாரம் தாழ்வில் இருப்பதைவிடக் கொஞ்சம் வேகமாக ஓடும் என்பதைப் பாடத்தில் இல்லாவிட்டாலும் வருஷா வருஷம் பிள்ளைகளுக்குச் சொல்லுவார். மேலே போகப் போகப் பூமியின் பிடி தளர்கிறது, பிடி தளர்ந்த இடத்தில் நேரம் கையை வீசி நடக்கிறது என்பார். ஆனால் அந்த வித்தியாசம் எவ்வளவு என்பதும் அவருக்குத் தெரியும். மலை உச்சியில் ஒருவன் பிறந்து, கிழவனாகி, அங்கேயே செத்தாலும் கீழே இருக்கிறவனை அவன் முந்திப்போன நேரம் ஒரு கண்சிமிட்டலுக்குக் காணாது. ஞானப்பூ சொன்னதோ கண்சிமிட்டல் கணக்கு இல்லை. ஒரே வயிற்றில் ஒன்றாகக் கிடந்து, ஒரே விடியலில் அவர் முந்தியும் அவள் பிந்தியும் பிறந்தவர்கள் இரண்டு பேரும். இப்போது அவருக்கு மீசையில்தான் நரை, அவளுக்குத் தலை முழுக்கப் பஞ்சு. பஸ்ஸில் ஒன்றாக ஏறினால் யாராவது எழுந்து "அம்மாவ உக்கார வைங்க சார்" என்றார்கள். வெளியாள் முன்னால் அவளைத் தங்கச்சி என்றால் சிரிப்பார்களே என்று அவரும் அக்கா என்றுதான் கூப்பிட்டுப் பழகியிருந்தார், அவளும் கூச்சமே இல்லாமல் "டேய் தம்பி" என்பாள்.

தேயிலைக் காட்டில் வேலை செய்கிற பெண்பிள்ளை சீக்கிரம் கிழவியாவதற்கு அற்புதம் எதற்கு என்று அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அட்டைக்கடியும் குளிரும் மழையும் முதுகுச் சுமையும் போதாதா. அவருடைய மனைவி ரீட்டா மட்டும் ஒருநாள், வெங்காயம் நறுக்கிக்கொண்டே, "ஒங்க தங்கச்சி பொய் சொல்லுது, சரி. என் நாத்தனா என் கல்யாணத்துல என்னவிடச் சின்னப் பிள்ளையா நின்னத நான் பாத்தேன், இப்ப எனக்கே அம்மா மாதிரி இருக்கு. என் கண்ணும் பொய் சொல்லுதா?" என்றாள். அவர் அதற்கும் தலையை ஆட்டினார்.

நம்பாததற்கு அடியில் இன்னொன்று இருந்தது, அது இயற்பியல் இல்லை. அம்மா அமலோற்பவம் செத்த சமயம் அவர் கீழே கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தார். தந்தி வந்த அந்த நிமிஷமே கிளம்பி, பஸ் மாறி, லாரி மாறி, பொழுது இறங்குவதற்குள் கருஞ்சோலை எஸ்டேட் ஃபேக்டரி வாசலுக்கு வந்து சேர்ந்துவிட்டார். வாட்ச்மேன், "அடக்கம் முடிஞ்சு போச்சே தம்பி, முடிஞ்சு கொஞ்ச நாளாச்சுன்னு மேல இருந்து வந்தவங்க சொன்னாங்க" என்றான். கையில் தந்தியோடு அவர் அந்த வாசலில் நின்றார். காலையில் வந்த தந்தி, சாயங்காலம் வந்த மகன், கொஞ்ச நாளாச்சு என்கிறான். ஒரு ராத்திரி, ஒரே ஒரு ராத்திரி என் தங்கையால் காத்திருக்க முடியவில்லை என்று அவருக்குத் தோன்றியது. மலைமேல் அம்மாவும் தங்கையும் இருந்த உச்சிப்பாடிக்கு ஏறாமல் அங்கிருந்தே திரும்பிவிட்டார். அதற்குப் பிறகு மலை ரோட்டின் கடைசி வளைவுக்கு மேலே அவர் கால் வைத்ததில்லை. அவள்தான் கீழே வந்தாள், ஒவ்வொரு முறையும் கூடுதல் வயதோடு வந்தாள், ஒவ்வொரு முறையும் கொஞ்சம் சொன்னாள். சொன்னதில் அம்மாவின் அடக்கம் மட்டும் வராது, அவரும் கேட்கமாட்டார். அவள் கதையை நம்பினால் அந்த ராத்திரியையும் வேறுமாதிரி கணக்குப் பார்க்கவேண்டி வரும், அதற்கு அவருக்கு மனசு வரவில்லை.

அவள் சொன்னது இது.

கருஞ்சோலை எஸ்டேட்டில் பள்ளத்தில் ஃபேக்டரி, அதைச் சுற்றி ஃபேக்டரிப்பாடி. பாடி என்றால் வரிசை வரிசையாகத் தொழிலாளர் வீடுகள். அங்கிருந்து ரோடு வளைந்து வளைந்து ஏறி, கடைசி வளைவு தாண்டினால் உச்சிப்பாடி. இரண்டுக்கும் ஒரே சங்கு, ஃபேக்டரிக் கூரையில் இருப்பது. காலையில் சங்கு ஊதினால் கொழுந்துக்குப் போகவேண்டும், சாயங்காலம் ஊதினால் வீட்டுக்கு. சாயங்காலச் சங்கு காதில் விழாமல் யாரும் நிரையை, அதாவது தங்கள் தேயிலைச் செடி வரிசையை, விட்டு வெளியே வருவதில்லை. வந்தால் அன்றைக்குப் பெயர் கிடையாது, பெயர் இல்லாவிட்டால் கூலியும் கிடையாது. இது எழுதிவைத்த சட்டம் இல்லை, எழுதிவைத்ததைவிடக் கெட்டியானது. தாயிடமிருந்து மகளுக்குச் சேலை கட்டும் முறையோடு சேர்ந்து வந்தது.

ஒரு மழைக்காலம் முடிந்து, மூடுபனி விலகிய காலையில், சங்கு ஊதியது, எல்லோரும் நிரையில் இறங்கினார்கள், மத்தியானம் வந்தது, போனது, பொழுது சாய்ந்தது, சங்கு ஊதவில்லை. மேற்கே மலை கறுத்தது, ஊதவில்லை. பறவைகள் அடங்கின, ஊதவில்லை. கூடைகள் நிறைந்து கொட்டிவைத்துத் திரும்ப நிறைந்தன. கங்காணி யேசுவடியான் கையில் இருந்த கடிகாரத்தைக் காதில் வைத்துப் பார்த்தார், ஆட்டிப் பார்த்தார், அது ஓடிக்கொண்டுதான் இருந்தது. "சங்கு ஊதாம எப்படி விடறது?" என்று கேட்டார், யாரிடம் கேட்டார் என்று அவருக்கே தெரியாது. இருட்டில் கொழுந்து தெரியவில்லை, விரல்களுக்குத் தெரிந்தது, விரல்களால் பறித்தார்கள். பால் குடிக்கிற பிள்ளைகளை யாரோ நிரைக்கே தூக்கி வந்தார்கள். பெண்கள் கூடையைத் தலையில் மாட்டியபடி நின்றே தூங்கினார்கள், தூங்கிக்கொண்டே பறித்தார்கள். ஆகாயம் வெளுத்தது. மறுநாளும் அதே நாளாகவே நீண்டது.

கேட்கிறவர்கள் சிரிக்கலாம். மனிதர்கள் அவ்வளவு முட்டாள்களா என்று கேட்கலாம். சூசைராஜும் கேட்டார், அந்த இடத்தில் மட்டும் தலையாட்டாமல் வாய்விட்டுக் கேட்டார். "ஒன் பள்ளிக்கூடத்துல மணி அடிக்காம எந்த வாத்தியாராவது பாடத்த நிறுத்துவானாடா?" என்றாள் ஞானப்பூ.

அமலோற்பவம் செடிகளுக்கு நடுவே உட்கார்ந்துவிட்டாள். "சங்கு ஊதிருச்சா பூ?" என்று கேட்டாள். "இல்லம்மா." கொஞ்சநேரம் கழித்து மறுபடி கேட்டாள். "இல்லம்மா." மூன்றாவது முறை கேட்கவில்லை. பிறகு எப்போதோ பள்ளத்திலிருந்து சங்கு வந்தது, வழக்கமான கூவல் இல்லை, அடித்தொண்டையில் மாடு ஒன்று வலியில் கத்துகிறமாதிரி, தாழ்ந்து, இழுத்து, முடிவே இல்லாமல். அது முடிவதற்குள் அம்மா முடிந்திருந்தாள். செய்தி சொல்ல ஒருத்தன் கீழே ஓடினான். ஓடினவன் ஃபேக்டரிப்பாடியில் போய்ப் பார்த்தால் அங்கே அன்றைக்குக் காலையில் சங்கு ஊதின அதே நாளின் சாயங்காலம். ஆண்கள் அப்போதுதான் கை கழுவிக்கொண்டிருந்தார்கள்.

அடக்கம் எல்லாம் முடிந்தபின் ஞானப்பூ மறுபடி நிரைக்குப் போன முதல் நாள், அவள் ஒரு காரியம் செய்தாள். அவளுடைய சூரியன், அதாவது உச்சிப்பாடிக்கு மேலே இருந்த சூரியன், மலையைத் தொட்டதும் கூடையைக் கழற்றித் தரையில் வைத்தாள். வைத்த சத்தம் பக்கத்து நிரைக்கும் கேட்டது.

"சங்கு ஊதல பிள்ள," என்றார் கங்காணி.

"கீழ ஊதல மாமா. எனக்குப் பொழுது சாஞ்சுருச்சு."

"ஆபீசர் கேட்டா நான் என்ன சொல்றது?"

"அவருக்கும் ஒரு கண்ணு இருக்கும்ல, வந்து பாக்கச் சொல்லுங்க. எங்கம்மா இந்தச் சங்குக்குக் காத்துக்கெடந்து செத்துச்சு. நான் காத்துக்கெடக்க மாட்டேன். என் நாள எங்கிருந்தோ ஒருத்தன் ஊதி முடிக்க வேண்டாம்."

அவள் நடந்தாள். கொஞ்சம் தள்ளி இன்னொரு கூடை தரையில் விழுந்தது, பிறகு இன்னொன்று, பிறகு மலைச்சரிவு முழுக்க. மறுநாள் யாரோ பழைய தண்டவாளத் துண்டு ஒன்றைக் கொண்டுவந்து சில்வர் ஓக் மரத்தில் தொங்கவிட்டார்கள். உச்சிப்பாடியின் காலையில் அதை அடித்தார்கள், உச்சிப்பாடியின் சாயங்காலத்தில் அடித்தார்கள். சங்கு அதன்பாட்டுக்கு ஊதிக்கொண்டிருந்தது, சில நாள் நடுராத்திரியில் ஊதும், சில நாள் சோறு வடிக்கும்போது ஊதும், நாய்கள்கூடக் காதைத் தூக்கவில்லை.

கம்பெனி சும்மா இருக்குமா. ஃபீல்டு ஆபீசர் கையில் புதுக் கடிகாரத்தோடு ஏறி வந்தார். மரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஒரு முழுப் பகலும் பார்த்தார். அவருடைய கடிகாரமும் யேசுவடியானின் கடிகாரமும் நொடி தவறாமல் ஒன்றாக ஓடின. பொழுது சாய்ந்தபோது இரண்டும் சாயங்காலம் என்றே காட்டின. "எங்கய்யா தப்பு? எல்லாம் சரியாத்தான இருக்கு," என்று சொல்லி இறங்கிப் போனார். போனால் கீழே இன்னும் வெயில். ஆபீஸில் மத்தியான டீயே வரவில்லை. "பாதி நாள்ல திரும்பி வந்துட்டு முழு நாள் இருந்தேன்னு சொல்றீங்களா?" என்று எஸ்டேட் நடத்தும் துரை கேட்டார். அவர் கடிகாரத்தைக் காட்டினார். "கடிகாரம் ரிப்பேர்," என்றார் துரை. அந்தக் கடிகாரத்தில் ஒரு தப்பும் கிடையாது. எந்த இடத்தில் எந்தக் கடிகாரம் ஓடியதோ அந்த இடத்துக்கு அது சரி. கம்பெனிக்கு மட்டும் இரண்டு சரி தாங்கவில்லை.

உச்சிப்பாடிக் கொழுந்தை நிறுக்கமாட்டோம் என்றார்கள். பெண்கள் கொழுந்தைக் கடைசி வளைவில் கொட்டிவைத்து, வாடட்டும் என்று விட்டார்கள். அப்போதுதான் துரைக்கு ஒன்று உறைத்தது: மேலே செடியும் மேலே இருக்கிற பொழுதுக்குத்தான் துளிர்க்கிறது. கீழ்ச் செடி இரண்டு தடவை துளிர்ப்பதற்குள் மேல்செடி மூன்று தடவை துளிர்த்துவிடும். ஆரம்பத்தில் அவிழ்த்துவிட்ட கன்றுக்குட்டி மாதிரிக் கண்டபடி ஓடிய நேரம் அதற்குள் இந்த நடையில் வந்து அடங்கியிருந்தது. கம்பெனி லாரி மறுநாளே வளைவுக்கு வந்தது. தண்டவாளத்தைப் பற்றி அதன்பிறகு யாரும் வாயைத் திறக்கவில்லை. ஜெயித்தோம் என்று மேலே பாயசம் வைத்தார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் சாதாரணம் என்று ஞானப்பூ சொல்லுவாள். சனங்கள் எதற்கும் பழகிவிடுகிறார்கள், அதற்கும் பழகினார்கள். பரீட்சைக்குப் படிக்காத ஃபேக்டரிப்பாடிப் பிள்ளைகள் புத்தகத்தோடு மேலே ஏறி ஒரு ராத்திரியைக் கூடுதலாகச் சம்பாதித்துக்கொண்டு இறங்கினார்கள். டெய்லர் ராயப்பன் கிறிஸ்துமஸ் துணிகளை மூட்டைகட்டிக்கொண்டு தையல் மிஷினோடு மேலே போய்விடுவான். பெண்டாட்டியிடம் சண்டை போட்டவன் மேலே போய் ஒரு வாரம் இருந்து கோபம் ஆறித் திரும்புவான், அவள் அதற்குள் பாதிகூட ஆறியிருக்கமாட்டாள், சண்டை மறுபடி முதலிலிருந்து தொடங்கும். மீசை முளைக்காத மாப்பிள்ளையை மேலே அத்தை வீட்டில் விட்டுவைத்தார்கள். உடம்பு முடியாமல் கிடந்த உச்சிப்பாடிக் கிழவர் ஒருவரைக் கட்டிலோடு கீழே இறக்கினார்கள், வெளிநாட்டிலிருந்து கிளம்பிவிட்ட மகன் வந்து சேரும்வரை உயிர் நிற்கட்டும் என்று. நின்றது. வளைவில் நின்று கீழே கூப்பிட்டால் மேலிருந்து போகும் குரல் கீச்சுக் கீச்சென்று குருவிக்குரலாகப் போகும், கீழிருந்து வரும் பதில் கிணற்றுக்குள்ளிருந்து வருகிறமாதிரி வரும். காதலிப்பவர்களுக்கு மட்டும் அது கஷ்டமாக இருந்தது. இரண்டு இடத்துக்கும் சூரியன் ஒன்றுதானே என்று பங்குச் சாமியார் முதலில் கேட்டார். ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு மேலே ஏறினால் அங்கே செவ்வாய்க்கிழமையாக இருந்ததால், அவர் கேள்வியை விட்டுவிட்டு, எந்தக் கிழமை போனாலும் பூசை வைக்க ஆரம்பித்தார்.

முறை வைத்துக் கூப்பிடுவதில்தான் கொஞ்சநாள் குழப்பம். கீழே வாழ்க்கைப்பட்ட அக்காளைவிட மேலே இருக்கும் தங்கைக்கு வயது கூடிப்போனால் யார் காலில் யார் விழுவது. மாமியாரைவிட மருமகள் மூத்துவிட்டால் யார் யாரை அதட்டுவது. கடைசியில் பெண்கள் எல்லோரும் கூடி ஒரு முடிவுக்கு வந்தார்கள்: யாருக்குப் பல் முதலில் விழுகிறதோ அவர் மூத்தவர். மருமகள்கள் தினமும் பல்லை ஆட்டிப் பார்த்தார்கள்.

இவ்வளவையும் சூசைராஜ் சிரித்துக்கொண்டே கேட்டிருக்கிறார். சிரிக்கும்போது நம்புகிறமாதிரிகூட இருக்கும். அவள் பஸ் ஏறிப் போனபின், ஒரு பாட்டம் கதை, எஸ்டேட்டில் பொழுதுபோகாமல் கட்டியது என்று நினைப்பார். நினைத்துவிட்டு, நான் ஏன் ஒருமுறை போய்ப் பார்க்கக்கூடாது என்றும் கேட்டுக்கொள்வார். போய்ப் பார்த்து அது பொய்யாக இருந்தால் தங்கை போய்விடுவாள், மெய்யாக இருந்தால் தன் கோபம் போய்விடும். இரண்டில் எதை இழக்க அதிகம் பயந்தார் என்று அவருக்கே சொல்லத் தெரியவில்லை.

இந்த வருஷம் ஞானப்பூ வந்தபோது, கொடுத்த காப்பித் தம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். விரல்கள் மடங்கவில்லை.

"கூடைய எறக்கி வைக்கணும்டா," என்றாள். "கை கேக்க மாட்டேங்குது. என்னோட சேத்து எங்க பாடியில பத்துப் பதினஞ்சு கெழவிங்க. கம்பெனி விடமாட்டேங்குது. ஐம்பத்தெட்டு ஆனாத்தான் ரிட்டயர்டாம். ஒங்க பிறந்த தேதிக்கு இன்னும் வருஷம் கெடக்கு, அதுவரைக்கும் பறிக்கணும், இல்லைன்னா வீட்டக் காலி பண்ணுங்கன்னு சொல்றான். லேபர் ஆபீசர் விசாரணைக்கு வர்றாரு. நீ வந்து ஒரு வார்த்த சொல்லணும்."

"நான் என்ன சொல்றது?"

"நீ என்கூடப் பொறந்தவன். உன்னையும் என்னையும் பக்கத்துல நிக்க வச்சா வேற என்ன சாட்சி வேணும்? இவ வாழ்ந்த நாளும் நாள்தான்னு சொல்லு, அதுபோதும்."

விசாரணை ஃபேக்டரி ஆபீஸில் நடந்தது. உச்சிப்பாடிக் கிழவிகள் சுவரோரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள், எல்லோருக்கும் நல்ல சேலை. லேபர் ஆபீசர் இளவயதுக்காரர், முரட்டுத்தனம் இல்லாதவர். சூசைராஜையும் ஞானப்பூவையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ரெட்டைப் பிள்ளைங்களா?"

"ஆமா சார்," என்றாள் ஞானப்பூ. "இவன் கீழ இருந்தான், நான் மேல இருந்தேன்."

"சார், நீங்க ஃபிசிக்ஸ் டீச்சர். நீங்களே சொல்லுங்க. இந்த மலையில மேல ஒரு நேரம், கீழ ஒரு நேரம் ஓடுதா? இந்த அம்மாவுக்கு உங்களவிட வயசு அதிகமா?"

சூசைராஜுக்குத் தன் பள்ளி ஞாபகம் வந்தது, கரும்பலகை ஞாபகம் வந்தது, நாளைக்கு இதை யாராவது செய்தித்தாளில் போட்டால் ஸ்டாஃப் ரூமில் யார் யார் எப்படிச் சிரிப்பார்கள் என்பது வரிசையாக ஞாபகம் வந்தது. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"உயரத்துல நேரம் வேகமா ஓடும்கறது உண்மைதான் சார். ஆனா அந்த வித்தியாசம் ரொம்பச் சின்னது. ஒரு ஆயுளுக்கும் சேத்தா ஒரு நொடிகூட வராது. மலையில கஷ்டப்பட்டு வேலை செய்யறவங்களுக்குச் சீக்கிரம் மூப்பு வந்துடுது. அதுதான் நான் சொல்ல முடியும்."

"அப்போ அவங்க வயசு உங்க வயசுதான்."

சூசைராஜ் தலையை ஆட்டினார். ஆபீசர் பேனாவை மூடினார். சாப்பாட்டுக்குப் பிறகு முடிவு சொல்வதாகச் சொன்னார்.

ஞானப்பூ எழுந்தாள். கோபப்படுவாள் என்று அவர் எதிர்பார்த்தார். அவள் ஆபீசரைப் பார்த்துச் சிரித்தாள், வெற்றிலை போட்டுத் தேய்ந்த நாலு பல்லும் தெரிய.

"நீங்க முடிவு சொல்லுங்க சார், உங்க வேல அது. நாங்க எங்க முடிவச் சொல்லிடறோம். கூடைய எறக்கி வச்சாச்சு, போன வாரமே, எங்க வாரத்துல. வீட்டக் காலி பண்ணணும்னா வந்து தூக்கிப் போடுங்க. தூக்கிப் போட வர்றவன் எங்க பாடிக்குள்ள வந்தா அவனுக்கும் எங்க பொழுதுதான் ஓடும். அவனும் எங்ககூடத்தான் கெழவனாவான். அதையும் அவங்கிட்டச் சொல்லி அனுப்புங்க."

கிழவிகள் ஒவ்வொருத்தியாக எழுந்து வெளியே போனார்கள். யாரும் சூசைராஜைத் திட்டவில்லை. கடைசியாகப் போனவள் மட்டும், அவர் முன்னால் நின்று, "நல்லாப் படிச்சிருக்க தம்பி," என்று சொல்லிவிட்டுப் போனாள். அது அவருக்கு அறை விழுந்ததைவிட வலித்தது.

அவர் பஸ்ஸுக்குப் போயிருக்கவேண்டும். கால் ரோட்டில் ஏறியது. முன்னால் கிழவிகள் வரிசையாக, அவசரம் இல்லாமல், வளைவு வளைவாக ஏறிக்கொண்டிருந்தார்கள். அவருக்கு மூச்சு வாங்கியது. அவர்களுக்கு வாங்கவில்லை. உச்சி வெயில் முதுகில் அடித்தது. கடைசி வளைவில் கிழவிகள் ஒவ்வொருத்தியாகத் திரும்பி மறைந்தார்கள், மறைவதற்கு முன்னால் ஒரு நொடி அவர்கள் சேலை நிறம் மாறியது, வெயில் நிறத்திலிருந்து பனி நிறத்துக்கு.

அவரும் திரும்பினார். மறுபக்கம் விடிகாலையாக இருந்தது.

புல் நனைந்திருந்தது. எங்கேயோ சேவல் கூவியது. அவர் கையில் கட்டியிருந்த கடிகாரம் மத்தியானம் என்று சொல்லிக்கொண்டு ஓடியது, ஒவ்வொரு நொடியும் ஒரு நொடியாகவே ஓடியது, அதில் எந்த அவசரமும் இல்லை, அவர் நெஞ்சிலும் இல்லை. அவர் திரும்பிக் கீழே பார்த்தார். பள்ளத்தில் வெயில் எரிந்துகொண்டிருந்தது. ஃபேக்டரி வாசலில் லேபர் ஆபீசர் கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தார், தண்ணீருக்குள் நிற்கிறவர் மாதிரி, கை மெதுவாக ஏறி, மெதுவாக நகர்ந்து. புகைபோக்கியிலிருந்து புகை யோசித்து யோசித்து மேலே வந்தது. ஃபேக்டரிக்காரர்களின் சாப்பாட்டுச் சங்கு ஊதியது. இத்தனை வருஷமாக அவர் கேட்க மறுத்த அந்தக் குரல், அடித்தொண்டையில், இழுத்து இழுத்து, ஏறி வந்து அவர் காலடியில் விழுந்தது. அவர் தன்னுடைய கண்சிமிட்டல் கணக்கை நினைத்தார். கணக்கு தப்பில்லை. அது எங்கேயோ ஒரு மலைக்குச் சரியாக இருக்கும். இந்த மலை அதைக் கேட்டுக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

ஞானப்பூ திரும்பி நின்று அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னடா, வழி தெரியலியா?"

"நான் போய் மாத்திச் சொல்றேன்," என்றார். "இப்பவே எறங்கறேன். அவர் முடிவு சொல்றதுக்குள்ள போகணும்."

"ஒன்னும் அவசரமில்ல. அவன் இப்பத்தான் கை கழுவப் போறான். வந்து கஞ்சி குடி, கொஞ்சம் சாஞ்சு எந்திரி, அப்பறமா எறங்கு. அப்பவும் அவன் சோத்துலதான் இருப்பான்."

"நான் சொன்னா அவர் ஒத்துக்குவாருன்னு நெனக்கிறியா?"

"ஒத்துக்கிட்டா என்ன, ஒத்துக்காட்டா என்ன. நாங்க எறக்கி வச்சது எறக்கி வச்சதுதான். நீ அவனுக்காகச் சொல்ல வேணாம். உனக்குச் சொல்லணும்னு தோணுனா சொல்லு."

அவள் வீடு வரிசையில் நடுவில் இருந்தது. வாசலில் கட்டிலைப் போட்டு உட்காரவைத்தாள். கஞ்சியும் வறுத்த மிளகாயும் கொண்டுவந்து வைத்தாள். பக்கத்து வீடுகளில் இருந்தவர்கள் வந்து எட்டிப் பார்த்தார்கள், "பூவோட தம்பி" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள், விசாரணையில் என்ன நடந்தது என்று கிழவிகள் அவர்களுக்குச் சொல்லியிருக்கவேண்டும், ஆனாலும் ஒருத்தி மோர் கொண்டுவந்து கொடுத்தாள். வீடுகளுக்குப் பின்னால் சரிவில் கல்லறைத்தோட்டம் தெரிந்தது. சிலுவைகள் ஈரமாக இருந்தன. எது அம்மாவுடையது என்று அவருக்குத் தெரியாது.

கல்லூரி விடுதியில் தந்தி கையில் வந்த காலையிலிருந்து ஃபேக்டரி வாசலில் நின்ற சாயங்காலம்வரை அவர் மனசுக்குள் மறுபடி நடந்தார். பஸ் நின்ற ஒவ்வொரு இடமும் நினைவில் இருந்தது. ஒரு இடத்தில் டயர் பஞ்சராகி மாற்றினார்கள். ஒரு இடத்தில் பசித்து, அழுதுகொண்டே பன் தின்றார். அவருக்கு அது ஒரே ஒரு பகல். ஆனால் அது கன்றுக்குட்டி ஓடிய காலம். அந்தப் பகல் முழுவதும் இங்கே, இந்தச் சரிவில், பொழுது மேல் பொழுதாகப் புரண்டு போய்க்கொண்டிருந்திருக்கிறது. சங்கு ஊதியபோது பிணம் வைத்திருக்கிற வீட்டையும் வேலைக்குக் கூப்பிட்டிருப்பார்கள். அடக்கம் பண்ணு, அடக்கம் பண்ணு என்று ஒவ்வொருத்தராக வந்து சொல்லியிருப்பார்கள், கங்காணி சொல்லியிருப்பார், சாமியார் சொல்லியிருப்பார், மூக்கைப் பொத்திக்கொண்டு பக்கத்து வீட்டார் சொல்லியிருப்பார்கள். அவர்கள் எல்லோருக்கும் நடுவில் ஒரு சின்னப் பெண் வாசலை மறித்துக்கொண்டு நின்றிருப்பாள். அவளை அவருக்குத் தெரியும். அவளிடம் யார் சொன்னாலும் எடுபட்டிருக்காது.

கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தார். ஞானப்பூ மடங்காத விரல்களால் சேலை முந்தானையை நீவிவிட்டுக்கொண்டிருந்தாள். கீழே வெயில் இன்னும் உச்சியிலேயே நின்றிருந்தது.

"பூ," என்றார். அக்கா என்றும் சொல்லவில்லை, தங்கச்சி என்றும் சொல்லவில்லை. "எனக்காக அம்மாவ எத்தன ராத்திரி வச்சிருந்த?"